மருந்துப் போத்தலைத் திறக்க முன்னர்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கமச்செய்கைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சிலருக்கு வயல் காடாகிக் கிடக்கிறது. சிலருக்குக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. விதைநெல், உரம், மண்வெட்டி என்று கொஞ்சம் உதவி கிடைத்திருக்கும். மிச்சத்தைக் கடனுக்குத்தான் வாங்கியிருப்பீர்கள். இந்த முதற்போகம் பிழைத்தால் அடுத்த வருடம் எழும்பி நிற்கலாம், பிழைக்காவிட்டால் கடனோடு நிற்க வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் இன்றைக்குப் பயிர்களுக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிப் பேச வந்தேன். நாங்கள் வழக்கத்தில் 'மருந்து' என்கிறோம். உண்மையில் அது நஞ்சு. பூச்சிநாசினி, களைநாசினி, பங்கசுநாசினி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பீடைநாசினி என்று சொல்வார்கள். இதை யார் விற்கலாம், எப்படி விற்க வேண்டும், எதை விற்கவே கூடாது என்பதற்கு நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. வாங்குகிற உங்களுடைய உயிரையும் காசையும் காப்பாற்றுவதற்கும் அதுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். பிற்பாடு அதில் திருத்தங்களும் வந்தன. இந்தச் சட்டத்தின்படி பீடைநாசினிப் பதிவாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அலுவலகம் விவசாயத் திணைக்களத்தின் கீழ்ப் பேராதனையில் இயங்குகிறது. அவரிடம் பதிவு செய்யப்படாத எந்தப் பீடைநாசினியையும் இந்த நாட்டுக்குள் கொண்டு வரவோ விற்கவோ முடியாது. பதிவு செய்யும்போது அந்த மருந்து எந்தப் பயிருக்கு, எந்தப் பீடைக்கு, எவ்வளவு அளவில் பாவிக்கத்தக்கது, மனிதருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பவற்றைப் பார்க்கிறார்கள்.

வாங்கும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, போத்தலில் அல்லது பைக்கற்றில் சுட்டுத்துண்டு இருக்க வேண்டும். அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். தமிழில் வாசிக்கக் கிடைப்பது உங்களுடைய உரிமை. எழுத்து சின்னதாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். ஆனால் போத்தலை நீங்களே கையில் பிடித்துக் காட்டுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, மூடி உடைக்கப்படாமல் இருக்க வேண்டும். பெரிய கலனிலிருந்து சோடாப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் பிரித்து ஊற்றி விற்பது குற்றம்.

மூன்றாவது, விற்பவரிடம் அதற்குரிய அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அரிசி, சீனி, பாண் விற்கும் இடத்தில் உணவோடு சேர்த்து நஞ்சை வைத்து விற்கக் கூடாது.

நான்காவது, காலாவதித் திகதியைப் பாருங்கள். வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். மருந்து பிழை என்று பிறகு முறைப்பாடு செய்வதற்கு அந்தத் துண்டு வேண்டும்.

"ஐயா, எனக்கு அரை ஏக்கர்தான் இருக்கு. முழுப் போத்தல் வாங்கக் காசில்லை. கொஞ்சமாக ஊற்றித் தரும் கடைக்காரர்தானே எங்களுக்கு உதவி?" என்று ஓர் அம்மா இன்னொரு கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஊற்றித் தந்த போத்தலில் என்ன இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி? தண்ணீர் கலந்திருக்கலாம், பழைய மருந்தாக இருக்கலாம், தடை செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அளவு எழுதியிருக்காது. வீட்டில் வைத்தால் பிள்ளை அதைக் குடிபானம் என்று நினைக்கும். இதற்கு வழி ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து வயல்காரர் மூன்று நான்கு பேர் சேர்ந்து மூடி உடைக்காத ஒரு போத்தலை வாங்குங்கள். ஒரே நாளில், ஒரே தெளிகருவியால், எல்லோருடைய பயிருக்கும் அடித்து முடியுங்கள். பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை. கமக்காரர் அமைப்பு மூலம் இதை ஒழுங்கு செய்தால் இன்னும் இலகு.

எவை தடை செய்யப்பட்டுள்ளன?

நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சட்டத்தில் பல மாற்றங்கள் வந்துவிட்டன. முன்பு கடையில் தாராளமாகக் கிடைத்த சில மருந்துகள் இப்போது இல்லை. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய இரண்டும் 1995இல் நிறுத்தப்பட்டன. எண்டோசல்பன் 1998இல் தடை செய்யப்பட்டது. டைமெத்தோயேற், பென்தியன் என்ற பூச்சிநாசினிகளும் பரகுவாட் என்ற களைநாசினியும் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன.

"அந்த நாளில் அந்த மருந்து அடித்தால் ஒரே அடியில் எல்லாம் சரி" என்று வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பூச்சிக்கு ஒரே அடி என்றால் மனிதருக்கும் ஒரே அடிதான். இந்த நாட்டில் நஞ்சினால் எத்தனையோ வீடுகள் விளக்கணைந்து போயின. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். மிகக் கொடிய மருந்துகள் கடையிலிருந்து அகற்றப்பட்ட பிறகு, 2005ஆம் ஆண்டளவில் அந்தத் தொகை பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் நெல் விளைச்சல் குறைந்துவிடவில்லை என்பதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த மருந்துகள் இல்லாமலும் நெல் விளைந்தது. ஆகவே தடை என்பது விவசாயியின் கையைக் கட்டுவதற்காக வந்ததல்ல.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு விசேட குறிப்பு. இங்கே தடை செய்யப்பட்ட மொனோகுரோட்டோபொஸ் இந்தியாவில் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. அங்கே பாவித்துப் பழகிய மருந்து என்பதற்காக அதை இங்கே கொண்டுவரவோ, யாரும் கொண்டுவந்து தந்தால் வாங்கவோ வேண்டாம். நிற அடையாளத்திலும் வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் சாய்சதுரத்துக்குள் முக்கோணம் போட்டு நிறம் காட்டுவார்கள். அங்கே சிவப்புக்கு அடுத்த மஞ்சள் 'அதிக நஞ்சு' என்ற வகுப்பு. இங்கே சுட்டுத்துண்டின் அடியில் உள்ள நிறப்பட்டி உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பைப் பின்பற்றியது. சிவப்பு மிகக் கொடியது. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று ஆபத்து குறைந்துகொண்டு போகும். பச்சை என்றாலும் அதுவும் நஞ்சுதான்.

பழைய வீட்டிலும் களஞ்சியத்திலும் கிடப்பவை

திரும்பி வந்து வீடு துப்புரவாக்கும்போது பழைய மருந்துப் போத்தல்கள், தகரங்கள், பொடிப் பைகள் அகப்படலாம். சுட்டுத்துண்டு கறையான் தின்று போயிருக்கும். அதைத் திறந்து மணந்து பார்க்க வேண்டாம். "வீணாகப் போகாமல் பயிருக்கு அடிப்போம்" என்று நினைக்கவும் வேண்டாம். கிணற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. எரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் நஞ்சு. பிள்ளைகளும் ஆடு மாடுகளும் போகாத இடத்தில் மறித்து வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் அறிவியுங்கள். அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதையாவது கண்டால் அதைத் தொடாமல் வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள். அது மருந்துத் தகரமா மிதிவெடியா என்று பார்ப்பது உங்களுடைய வேலையல்ல.

இன்னொரு விடயம். வீட்டில் பாத்திரங்கள் குறைவு என்பது தெரியும். ஆனாலும் வெறும் மருந்துக் கலனைக் கழுவித் தண்ணீர் அள்ளவோ, மண்ணெண்ணெய் வைக்கவோ பாவிக்க வேண்டாம். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் பிளாஸ்ரிக்கில் ஊறிய நஞ்சு போகாது. மருந்து முடிந்ததும் கலனை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிப் பயிருக்கு அடியுங்கள். பிறகு கலனில் துளை போட்டுவிடுங்கள். அதை எங்கே கொடுப்பது அல்லது எங்கே புதைப்பது என்று போதனாசிரியரிடம் கேளுங்கள். புதைப்பதென்றால் கிணற்றுக்கும் வெள்ளம் ஓடும் இடத்துக்கும் தூரமாக, கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே தோண்டுங்கள்.

மருந்துக்கு முன்னர் செய்ய வேண்டியவை

பூச்சியைக் கண்டவுடன் மருந்தடிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வயலில் இருக்கும் பூச்சி எல்லாம் எதிரி அல்ல. சிலந்தி, தும்பி, பொறிவண்டு எல்லாம் உங்களுக்காகக் கூலி வாங்காமல் வேலை செய்பவை. நெல் இளம்பயிராக இருக்கும்போது இலையில் கொஞ்சம் சேதம் வந்தாலும் அது திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்திதான். பிறகு கபிலத் தத்தி வரும்போது அதைப் பிடித்துத் தின்ன ஆளிருக்காது. மருந்தடித்த வயலில் கபிலத் தத்தி பெருகுவதற்கு இதுதான் ஒரு காரணம். யூரியாவை அளவுக்கு மேல் போடுவதும் நெருக்கி விதைப்பதும் தத்திக்கு இடம் கொடுக்கும். தத்தி கண்டால் வயல் தண்ணீரை வடியவிடுங்கள். பயிரின் அடியைப் பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுங்கள். அதன் பிறகு போதனாசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பல வருடம் தரிசாகக் கிடந்த வயலில் முதல் எதிரி களைதான். நன்றாக உழுது, களை முளைக்க விட்டு, மறுபடியும் உழுது மட்டப்படுத்தினால் பாதிக் களை அங்கேயே போய்விடும். வயல் மட்டமாக இருந்து தண்ணீர் சரியாக நின்றால் மிச்சக் களையும் அடங்கும். மேடு பள்ளமான வயலில் எந்தக் களைநாசினியும் ஒழுங்காக வேலை செய்யாது. காசுதான் வீண்.

தோட்டப்பயிர்களிலும் அப்படித்தான். கத்தரியில் தண்டு வாடித் தொங்கினால் அதற்குள் புழு இருக்கிறது. அந்த நுனியை வெட்டி அழியுங்கள். காய்க்குள் போன புழுவுக்கு வெளியே அடிக்கும் மருந்து போய்ச் சேராது. வெங்காயத்தில் மயிர்க்கொட்டிப் புழுவின் முட்டைக் கூட்டத்தை இலையோடு கிள்ளி எடுக்கலாம். காலையில் அரை மணித்தியாலம் வீட்டார் சேர்ந்து பார்த்தால் ஒரு போத்தல் மருந்துக் காசு மிச்சம். வெங்காய இலை முறுகி வளைவது பங்கசு நோயால் வரலாம். அதற்குப் பூச்சிநாசினி அடித்து என்ன பயன்? மிளகாய் இலை சுருளுவது பனிப்பூச்சியாலும் வரும், சிற்றுண்ணியாலும் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் வியாதி என்னவென்று தெரியாமல் கடைக்குப் போக வேண்டாம். நோய் பிடித்த செடியை ஒரு பையில் போட்டுக் கட்டி, கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடனுக்குத் தருகிறார், அதுவும் ஓர் உதவிதான். ஆனால் மருந்து விற்பது அவருடைய தொழில், நோயைப் பார்த்துச் சொல்வது போதனாசிரியருடைய தொழில். ஒன்றுக்கு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னால், "எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காமல் வாருங்கள். 1920 என்ற விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால்

சுட்டுத்துண்டில் சொன்ன அளவை அளந்து எடுங்கள். போத்தல் மூடியால் மட்டாக ஊற்ற வேண்டாம். கூட ஊற்றினால் பூச்சி கூடச் சாகாது, அடுத்த போகத்தில் அந்த மருந்துக்குப் பழகிய பூச்சிதான் மிஞ்சும். காலையில் அல்லது பின்னேரத்தில், காற்று குறைந்த நேரத்தில், காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி அடியுங்கள். நீளக் கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கையுறை, சப்பாத்து, மூக்கையும் வாயையும் மூடத் துணி ஆகியவை வேண்டும். முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊத வேண்டாம், தண்ணீரால் கழுவுங்கள். இடையில் வெற்றிலை போடவோ பீடி பிடிக்கவோ கூடாது. முடிந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிள்ளைகளும் இந்த வேலைக்குக் கிட்ட வரக்கூடாது.

தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். யாழ்ப்பாணப் பக்கம் நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே இறங்கி, உங்களுடைய கிணற்றுக்கும் அயலவரின் கிணற்றுக்கும் போய்ச் சேரும். வன்னியில் குளத்தை நம்பி மீனும் மாடும் மனிதரும் இருக்கிறார்கள்.

மருந்தடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று சுட்டுத்துண்டில் எழுதியிருக்கும். சந்தையில் நல்ல விலை போகிறது என்பதற்காக நேற்று அடித்த கத்தரியை இன்று பிடுங்கி விற்க வேண்டாம். அதை வாங்கித் தின்பதும் உங்களைப் போல ஒரு குடும்பம்தான். வீட்டுக்கு வேறு பாத்தி, சந்தைக்கு வேறு பாத்தி என்று வைப்பவர்களும் உண்டு. வீட்டுக்கு ஆகாதது ஊருக்கும் ஆகாது.

விபத்து நேர்ந்தால்

அளவுக்கு மீறி வியர்த்தல், எச்சில் ஊறுதல், கண் மங்கல், வயிற்றை முறுக்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சேறிய அறிகுறிகள். ஆளை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்து, நனைந்த உடுப்பைக் களைந்து, உடம்பைத் தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை பதினைந்து நிமிடமாவது ஊற்றிக் கழுவுங்கள். வாயால் உள்ளே போயிருந்தால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது நிலைமையை மோசமாக்கும். தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சிகிச்சை இலவசம். போத்தலையும் கூடவே கொண்டு போங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு என்ன மாற்று மருந்து கொடுப்பது என்று தெரியும். சுட்டுத்துண்டு உள்ள போத்தலை வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. எங்களில் பலர் ஆட்களை இழந்தவர்கள், வீடு வாசல் இழந்தவர்கள். மனம் உடைந்து போகும் நேரம் யாருக்கும் வரும். அப்படியான நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக் கூடாது. தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இருப்பதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். திறப்பு ஒரு பொறுப்பான பெரியவரிடம் இருக்கட்டும். அயல்வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், கதைக்காமல் ஒதுங்கி இருந்தால் போய்ப் பக்கத்தில் இருங்கள். வைத்தியசாலையில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போவது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலத்தான்.

கூட்டம் முடிந்ததும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் பெயர் எழுதுவார். எத்தனை பேருக்குத் தெளிகருவி இருக்கிறது, எத்தனை பேர் சேர்ந்து வாங்க விரும்புகிறீர்கள் என்பதைப் பதிந்துவிட்டுப் போங்கள். விதைப்புக்கு முன்னர் போதனாசிரியர் உங்கள் வயலுக்கே வந்து பார்ப்பதற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுடைய காணியில் நல்ல விளைச்சல் வர வேண்டும், அதைத் தின்ன எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.